உப்பு லொறி வராத காலைகள்

ஜனவரி 1, வியாழன்

தமிழ்க் கடையில் இருபது கிலோ அரிசி மூட்டை வாங்கியவர்களுக்கு இந்த டயறியை இலவசமாகக் கொடுத்தார்கள். முன் அட்டையில் பிள்ளையார், பின் அட்டையில் உறைந்த மீன்களின் படம். போன வருட டயறியை மனைவி தவமலர் எடுத்துச் சமையல் குறிப்பு எழுதி நிரப்பிவிட்டாள். இந்த வருடம் நான் முந்திக்கொண்டேன்.

இது என் சொந்தக் கதை எழுதும் புத்தகம் அல்ல. இங்கே வீதிகளைப் பராமரிக்கும் கவுன்சிலுக்கு எதிரான சாட்சிப் புத்தகம். எங்கள் வீட்டு முற்றத்துக்கும் ஹேஸல் லேன் வீதிக்கும் நடுவில் ஒரு சைக்கிள் பாதை போகிறது. உறைபனி விழும் என்று தெரிந்தால் விடியுமுன் உப்பு லொறி வந்து வீதிக்கு உப்புத் தூவும். உப்பு விழுந்த இடத்தில் ஈரம் உறையாது. அந்த லொறி சைக்கிள் பாதைக்கு ஒரு கல் உப்பும் போடாது. காரில் போகிறவன் மனிதன், சைக்கிளில் போகிறவன் வழுக்கி விழுந்தால் விழட்டும் என்பது அவர்களின் கொள்கை போலும்.

போன இரண்டு குளிர்காலத்திலும் மூன்று கடிதம் எழுதினேன். முதல் இரண்டுக்கும் ஒரே பதில்: சைக்கிள் பாதைகள் முதன்மைப் பட்டியலில் இல்லை, பயணிப்போர் தக்க கவனத்துடன் செல்லவும். மூன்றாவதுக்கு, திகதி, நேரம், வெப்பநிலையுடன் பதிவு வைத்திருந்தால் பரிசீலிக்க உதவும் என்று எழுதியிருந்தார்கள். அத்தோடு இந்தக் கிழவன் ஓய்ந்துவிடுவான் என்று நினைத்திருப்பார்கள். ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் பதினொரு வருடம் நாடா பிடித்தவன் நான்.

வெப்பநிலை: 2. உப்பு லொறி: தேவையில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

வெப்பநிலை: 0. உப்பு லொறி: வீதிக்கு வந்தது. பாதைக்கு இல்லை.

ஜனவரி 6, செவ்வாய்

வெப்பநிலை: மைனஸ் 1. உப்பு லொறி: காலை நாலரைக்கு வீதிக்கு வந்தது. விடிந்தபின் நாடா வைத்து அளந்தேன். வீதி விளிம்பிலிருந்து முப்பது சென்ரிமீற்றர் தூரம் சில கற்கள் சிதறிக் கிடந்தன. அதற்கு இப்பால் ஒன்றும் இல்லை.

நான் அளந்துகொண்டு நின்றபோது றெஜினா சைக்கிளில் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் வேலை விசாவில் வந்து, அடுத்த தெருவில் ஓர் அறையில் இருக்கிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஒவ்வொரு நாளும் ஆறு இருபதுக்கு எங்கள் வீட்டைக் கடப்பாள், கடக்கும்போது மணியை இரண்டு தரம் அடிப்பாள். மணிக்கூட்டைத் திருத்தி வைக்கலாம். இன்றைக்கு இரவு வேலை முடிந்து திரும்புகிறாள்.

"என்னண்ணை, ரோட்டை விக்கப் போறியளோ?" என்றாள்.

"உனக்காகத்தான் பிள்ளை அளக்கிறன். நீ விழுந்தா ஆர் பொறுப்பு?"

"நான் ஏன் விழப்போறன்? உதில மெதுவாத்தான் ஓடுறனான்."

ஜனவரி 9, வெள்ளி

வெப்பநிலை: மைனஸ் 2. உப்பு லொறி: வீதிக்கு மட்டும். நான்கு நாளாக மழை இல்லை. பாதை காய்ந்து கிடப்பதால்தான் யாரும் விழவில்லை. இது கவுன்சிலின் திறமை அல்ல, வானத்தின் தயவு.

ஜனவரி 14, புதன்

வெப்பநிலை: மைனஸ் 2. உப்பு லொறி: வரவில்லை. வீதிக்கும் வரவில்லை.

நாளை தைப்பொங்கல். ரெயில் நிலையத்தில் என் பிற்பகல் வேலைக்கு லீவு சொல்லியாயிற்று. கராஜைக் கூட்டி காஸ் அடுப்பை அங்கே வைத்தேன். கதவைத் திறந்து வைத்தால் கிழக்குத் தெரியும். சூரியன் எட்டு மணிக்கு வருவதும் வராததும் அவர் விருப்பம்.

வீட்டு முன்பக்கத்தைச் சுத்தமாக்குவது பற்றித் தவமலருடன் ஒரு சின்ன வாக்குவாதம். அவளுக்கு முழங்கால் நோ என்பதால் மூன்று வருடமாக அந்த வேலை என்னுடையது.

"ஈரத்துணியால ஒருக்கா துடைச்சிட்டு கோலத்தைப் போடுங்கோ. காணும்," என்றாள்.

"மஞ்சள் தண்ணி தெளிக்காமல் என்ன பொங்கல்?"

"இந்தக் குளிருக்கோ?"

"சுடுதண்ணி கலந்து ஊத்தினாப் போச்சு."

"என்னவோ செய்யுங்கோ."

முப்பத்து நான்கு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தச் சொல்லுக்குச் சம்மதம் என்று பொருள்.

ஜனவரி 15, வியாழன்

வெப்பநிலை: மைனஸ் 3 (காலை ஐந்தேகால்). உப்பு லொறி: வரவில்லை.

றெஜினா விழுந்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு எழுந்து குளித்து, முன்பக்கத்தைத் துப்புரவாக்கி, கோலம் போட்டு, உள்ளே போய்ப் பானைக்கு மஞ்சள் இலை கட்டிக்கொண்டிருந்தேன். ஆறு இருபதுக்கு மணிச்சத்தம் ஒருதரம் கேட்டது. இரண்டாவது கேட்கவில்லை. வேறு சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால் எங்கள் கேற்றுக்கு நேரே பாதையில் கிடக்கிறாள். சைக்கிள் வீதியில். வலது கை உடம்புக்கு அடியில் இருக்கக்கூடாத விதமாக இருந்தது.

"அண்ணை, கை... என்ரை கை..."

"அசையாதை பிள்ளை. அசையாதை."

தவமலர் முழங்காலையும் பொருட்படுத்தாமல் போர்வைகளோடு வந்து பக்கத்தில் இருந்துவிட்டாள். அம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம். வந்தவர்கள் அவளுடைய சாம்பல் நிற ஜக்கெற்றின் கையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கையைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. ஏழு மணிக்கு ஒருவரைக் குளிப்பாட்ட வேண்டும், போன் பண்ணிச் சொல்லுங்கோ என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது போனில் ஐந்து படம் எடுத்தேன். பாதையில் ஐஸ் தெளிவாகத் தெரிகிறது. கோலம் படத்தில் வராதபடி எடுத்தேன், அது தேவையில்லாத விபரம். இப்படி ஒரு நாள் நடக்கும் என்று இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். நடந்துவிட்டது.

பால் எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

வெப்பநிலை: மைனஸ் 2. உப்பு லொறி: வரவில்லை. தவமலர் இன்று அதிகம் கதைக்கவில்லை.

ஜனவரி 17, சனி

வெப்பநிலை: 0. உப்பு லொறி: வீதிக்கு மட்டும். கராஜை ஒதுக்கினேன். வாளியைத் தோட்டத்துக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்தேன். கராஜில் இடைஞ்சலாக இருந்தது.

ஜனவரி 21, புதன்

றெஜினாவைப் பார்க்கப் போனோம். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு, உள்ளே உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். தோள்மூட்டும் விலகி இருந்ததாம். கட்டிலும் ஒரு கதிரையும் கொள்ளும் அறை. நான் கதிரையில், தவமலர் கட்டிலில்.

அவளுக்குக் கையை விட ஒரு வார்த்தைதான் அதிகம் நோகிறது. இல்லத்து மனேஜர் நல்லவர்தானாம், ஆனால் 'இருட்டுக்குள்ளே வேகமாக ஓடியிருப்பாய்' என்று சொல்லிவிட்டாராம்.

"நான் வேகமா ஓடேல்லை அண்ணை. உங்கட கேற்றடியில எப்பவும் பிறேக்கைப் பிடிக்கிறனான். மணி அடிக்கிறதுக்காக."

"எனக்குத் தெரியும் பிள்ளை. கவுன்சிலை நான் விடமாட்டன்."

வெட்டிய ஜக்கெற் ஒரு பிளாஸ்டிக் பையில் கதவுக்குப் பின்னால் தொங்கியது. தவமலர் அதைக் கொண்டுபோய்த் தோய்த்துத் தைத்துத் தருகிறேன் என்று எட்டி எடுக்கப் பார்த்தாள்.

"வேண்டாமக்கா," என்றாள் றெஜினா. "கிடக்கட்டும்."

பெப்ரவரி 3, செவ்வாய்

இல்லத்தில் வேலை செய்யும் ஒருத்தி சொல்லி, றெஜினாவுக்குக் கவுன்சில் மேல் வழக்குப் போட ஒரு சொலிசிட்டர் அம்மா கிடைத்திருக்கிறார். என்னிடம் சாட்சி வாக்குமூலம் கேட்டார். நான்கு பக்கம் எழுதினேன். மூன்று கடிதங்கள், அவற்றின் பதில்கள், நாடாவால் அளந்த அளவு, படங்கள், எல்லாம் இணைப்பு அ முதல் இணைப்பு ஊ வரை. சொலிசிட்டர் தன் இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு சாட்சியைக் கண்டதில்லை என்று போனில் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒளிப்பானேன்.

போனை வைக்குமுன், அன்று காலை ஐஸைப் பற்றி வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பெப்ரவரி 11, புதன்

வெப்பநிலை: 1. மழை.

ரெயில் நிலையத்தில் ரிக்கெற் பார்க்கும் வாயிலில் யோசித்துக்கொண்டே நின்றேன். உப்புப் போட்டிருந்தால் எந்தத் தண்ணீரும் உறைந்திருக்காது. மழைத் தண்ணீராக இருந்தாலும் சரி, யாரோ கார் கழுவிய தண்ணீராக இருந்தாலும் சரி, தோட்டத்துக் குழாய் கசிந்த தண்ணீராக இருந்தாலும் சரி. தண்ணீர் எங்கிருந்தும் வரும். அது தண்ணீரின் இயல்பு. உப்புப் போடுவது கவுன்சிலின் கடமை. ஆகவே பொறுப்பு கவுன்சிலுடையது.

இதில் ஒரு பிழையும் இல்லை. நான்கு தரம் சரிபார்த்தேன். அந்த நேரத்தில் ஒருவன் ரிக்கெற் இல்லாமல் வெளியே போய்விட்டான்.

பெப்ரவரி 19, வியாழன்

இரவுச் சாப்பாட்டின்போது தவமலர், "எழுதினியளே?" என்று கேட்டாள்.

"என்னத்தை?"

சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சம்பல் போட மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கட்டு அவிழ்த்து இரண்டு வாரம் ஆகிறது. றெஜினா வந்திருந்தாள். நடந்துதான் வந்தாள். விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. தவமலர் கொடுத்த தேத்தண்ணியை இடது கையால் வாங்கி, வலது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

இல்லத்தில் இப்போதைக்கு வரவேற்பு மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். மே மாதம் வரைக்கும்தான். அதற்குப் பிறகும் ஆட்களைத் தூக்கி இருத்த முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் விசாவும் இல்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியில் வரிசை ஒக்டோபர் வரை நீள்கிறதாம். கவுன்சில் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் தனியார் பயிற்சிக்கு உடனே ஏற்பாடு செய்ய வைக்கலாம், கை பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று சொலிசிட்டர் சொல்லியிருக்கிறார்.

"எல்லாம் அவையின்ர கடிதத்திலதான் கிடக்கு அண்ணை," என்றாள். "அவை ஓமெண்டா நான் இஞ்ச. இல்லையெண்டா பாசையூர்."

"ஓமெண்டு சொல்லத்தான் வேணும். வேற வழி அவைக்கு இல்லை."

அவள் போகும்போது கேற்றடியில் கொஞ்ச நேரம் நின்று நிலத்தைப் பார்த்தாள். அங்கே இப்போது ஒன்றும் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

வெப்பநிலை பார்ப்பதை நிறுத்திவிட்டேன். குளிர் முடிந்தது. டயறி எழுதவும் விஷயம் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

கவுன்சிலின் பதில் வந்துவிட்டது. சொலிசிட்டர் பிரதி அனுப்பியிருந்தார். மூன்று தரம் வாசித்தேன்.

பொறுப்பை மறுக்கிறார்கள். உள்ளூர்வாசிகளின் கடிதங்களைக் கருத்திற்கொண்டு (அது நான்!) ஹேஸல் லேன் சைக்கிள் பாதை டிசம்பரிலிருந்து பரீட்சார்த்தமாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாம். ஜனவரி 15 அதிகாலை நாலு பத்துக்குப் பாதைக்கு உப்புப் போடப்பட்டதாகப் பதிவு இருக்கிறதாம். அதற்கு ஆதாரமாகச் சாட்சியே எடுத்த படத்தைக் காட்டுகிறார்கள். இணைப்பு உ. படத்தில் பாதையின் மேற்பரப்பில் மஞ்சள் நிறப் படிவு தெளிவாகத் தெரிகிறது, அது தாங்கள் பயன்படுத்தும் பாறை உப்பின் நிறத்தோடு ஒத்துப்போகிறது என்கிறார்கள். உப்புப் போட்ட பாதையில் விழுந்தவர் தக்க கவனத்துடன் ஓட்டவில்லை என்று முடித்திருக்கிறார்கள்.

உப்பாம்.

ஏப்ரல் 10, வெள்ளி

உப்பு லொறி வரவில்லை. நான் ஐந்தேகாலுக்கே வெளியே நின்றவன். பாதையில் ஒரு கல் உப்பு இல்லை. யாரோ அலுவலகத்தில் இருந்துகொண்டு பட்டியலில் சரி அடையாளம் போட்டிருக்கிறான். அல்லது வேறு நாள் பதிவை இங்கே தூக்கி வைத்திருக்கிறான். வாழ்க்கையில் இப்படிப் பச்சைப் பொய்யைக் கடிதத் தலைப்போடு பார்த்ததில்லை.

படத்தில் இருப்பது உப்பு அல்ல என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைப் புத்தாண்டு. தவமலர் விடியற்காலையில் தானே முன்பக்கத்தைக் கூட்டினாள். வாளி எங்கே என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெளியே பதின்மூன்று பாகை, தண்ணீர் ஊற்றினால் உறையவா போகிறது. இருந்தாலும் இருவரும் ஊற்றவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

சொலிசிட்டர் போன் பண்ணினார். மஞ்சள் படிவுக்கு ஒரு பதில் இல்லாவிட்டால் வழக்கைத் தொடர முடியாது என்றார். என் சொல் காணாதாம். நான் இரண்டு வருடமாகக் கவுன்சிலோடு சண்டை பிடிக்கிறவன், அதனால் பக்கச்சார்பான சாட்சி என்பார்களாம். அந்த மஞ்சள் என்னவென்று உங்களுக்கு ஏதும் யோசனை இருக்கிறதா என்று கேட்டார். நாய் மூத்திரமாக இருக்கலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த டயறியின் மூலப்பிரதி வேண்டுமாம். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து மாற்றுவார்களாம்.

போனை வைத்துவிட்டு ஜனவரி 15ஆம் பக்கத்தை எடுத்து வாசித்தேன். 'முன்பக்கத்தைத் துப்புரவாக்கி' என்று இருக்கிறது. இதை எழுதிய கையை எனக்கு நன்றாகத் தெரியும். திணைக்களத்தில் அளவுச் சங்கிலி ஒரு அடி பிசகினால் பக்கத்தையே கிழித்துத் திரும்ப அளக்க வைத்த கை. பக்கத்தின் அடியில் மூன்று வரி வெறுமையாகக் கிடக்கிறது. அதே பேனை மேசையில் இருக்கிறது.

ஏப்ரல் 18, சனி

காலையில் தவமலரிடம், "றெஜினாட்டைப் போட்டு வாறன்" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. என் கோட்டை எடுத்து வந்து தந்தாள். கோட் போடும் குளிர் இல்லை. இருந்தும் போட்டுக்கொண்டு போனேன்.

கதிரையில் இருந்து நேரே சொல்லிவிட்டேன். சொன்னபடியே எழுதுகிறேன். "பிள்ளை, அண்டைக்கு விடிய நான் வாசலுக்கு ஒரு வாளி மஞ்சள் தண்ணி ஊத்தினனான். அது ஓடிப் பாதைக்கு வந்தது. அதிலதான் நீ விழுந்தனி. மைனஸ் மூண்டு எண்டு டயறியில எழுதி வைச்சிட்டுத்தான் ஊத்தினனான்."

அவள் எழுந்து கதவுக்குப் பின்னால் தொங்கிய பையை இடது கையால் எடுத்து என் மடியில் வைத்தாள். உள்ளே அந்தச் சாம்பல் ஜக்கெற். வெட்டிய கையின் முழங்கைப் பக்கம் மஞ்சளாக இருந்தது.

"தோய்ச்சுப் பாத்தனான், போகேல்லை," என்றாள். "மஞ்சள் தெரியாத ஆள் எண்டு நினைச்சியளோ? நானும் யாழ்ப்பாணம்தானே அண்ணை. எங்கட வீட்டிலயும் பொங்கலுக்கு வாசல் கழுவுறவை."

பிறகு, "எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலயே தெரியும்."

"ஏன் பிள்ளை கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் கடிதம் எழுதிறதை நிப்பாட்டிப் போடுவியள். எனக்கு இஞ்ச ஆர் இருக்கினம்? சொலிசிட்டர் உடுப்புக் கேட்டவ. எறிஞ்சுபோட்டன் எண்டு பொய் சொன்னனான். ஞாயிறு பூசைக்குப் போனா அந்தப் பாவத்தோட நற்கருணை எடுக்க மனமில்லாம பின்னால நிண்டிட்டு வாறன்."

நான் ஜக்கெற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தரம் அவள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போதும், நான் கவுன்சிலைத் திட்டித் தீர்க்கும்போதும், இந்தப் பிள்ளை தெரிந்துகொண்டே தலையாட்டியிருக்கிறாள். வெட்கத்தில் காது சுட்டது.

"கோவம் இல்லையெண்டு மட்டும் நினையாதேங்கோ," என்றாள். இப்போதுதான் குரல் உடைந்தது. "நாலாம் மாசமும் வந்திட்டுது. ஒவ்வொரு முறையும் உங்கட வீட்டுக்கு வரேக்க, இண்டைக்குச் சொல்லுவார் எண்டுதான் வந்தனான். அக்கா கொஞ்சம் கொஞ்சமா என்ரை முகத்தைப் பாக்கிறதையே விட்டிட்டா. நீங்கள் நாடாவைப் பற்றிக் கதைச்சியள்."

அவள் அழுது முடியும்வரை இருந்தேன். ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அதனால் சொல்லவில்லை. மன்னிச்சுக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொன்னா வழக்கு நிக்குமோ?" என்று கேட்டாள்.

"தெரியாது. அந்த மஞ்சள் உப்பில்லை எண்டது நிரூபணமாகும். அவை உப்புப் போடேல்லை, போட்டதெண்டு எழுதினது பொய் எண்டதும் வெளியில வரும். தண்ணி என்ரை எண்டதும் வரும். அவை என்னைக் கைகாட்டுவினம். வீட்டு இன்சூரன்ஸுக்கும் எழுதவேணும்."

"நான் வேகமா ஓடேல்லை எண்டதும் வருமோ?"

"வரும். அது முதல் வரியா வரும்."

வலது கையை மடியில் வைத்து இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் வரவில்லை.

"அப்ப ரெண்டு பேரும் பதில் சொல்லுங்கோ," என்றாள். "அவையும், நீங்களும். நானும் ஜக்கெற்றைக் குடுக்கிறன்."

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் சொலிசிட்டருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். இணைப்பு எதுவும் இல்லை. தவமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசைக்கு எதிரே இருந்து வாசித்தாள்.

"நான் வேண்டாம் எண்டு சொன்னதை எழுதேல்லையே?"

"அது எதுக்கு?"

"எழுதுங்கோ. வேண்டாம் எண்டு சொன்ன ஆளும் மூண்டு மாசம் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தது எண்டும் எழுதுங்கோ. நானும் கையெழுத்து வைக்கிறன்."

எழுதினேன். அவளும் வைத்தாள். பிறகு எனக்குச் சாப்பாடு போட்டாள். சம்பல் இருந்தது.

பதினொரு மணியளவில் ஜன்னலால் பார்த்தேன். கேற்றுக்கு நேரே பாதையில் ஒருவர் ஒரு குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனார். எனக்குக் கவுன்சில் மேல் இருக்கும் ஆத்திரம் ஒரு சொட்டும் குறையவில்லை. அடுத்த குளிருக்கும் எழுதுவேன், இரண்டு மடங்கு எழுதுவேன். ஆனால் இரண்டு வருடமாக அந்தப் பாதையில் ஆர் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டு நின்ற நான், நாடாவின் ஒரு முனையை எப்போதும் வீதிப் பக்கம்தான் வைத்தேன். மற்ற முனை என் கேற்றடியில் இருந்தது. அங்கிருந்து ஒரு நாளும் அளந்து பார்க்கவில்லை.

நாளைக்கு இந்த டயறி தபாலில் போகிறது. ஜனவரி 15ஆம் பக்கத்தின் அடியில் உள்ள மூன்று வரியும் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதில் எழுதினால் அன்றைக்கே எழுதியதாகிவிடும். நான் அன்றைக்கு எழுதாதவன், அதுவும் சாட்சிதான். மொழிபெயர்க்கிறவர் அதை அப்படியே விட்டுவிடட்டும். அன்றைய பதிவை இன்றைய திகதியின் கீழ், முறைப்படி எழுதுகிறேன்.

ஜனவரி 15, காலை ஐந்தரை. வெப்பநிலை: மைனஸ் 3. உப்பு லொறி: வரவில்லை. தண்ணீர்: ஒரு வாளி, நான் ஊற்றியது.